ஊடுதெரியும் எல்இடி திரை குழப்படி செய்தால்

திரை வேலை செய்யவில்லை என்று யாராவது ஃபோனில் சொன்னால், முதலில் ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். இருட்டு எந்த உருவத்தில் கிடக்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. திரை என்பது பல பெட்டிகளைச் சேர்த்துப் பூட்டியதுதான். முழுத் திரையும் இருண்டிருந்தால் ஒரு காரணம், ஒரு பெட்டி மட்டும் என்றால் வேறு காரணம், ஒரு பெட்டியில் தொடங்கி வரிசையின் கடைசி வரை இருண்டிருந்தால் இன்னொன்று. இதைப் பார்க்காமல் ஸ்பானரைத் தூக்குகிறவர்களும், மடிகணினியைத் திறந்து செட்டிங்கை மாற்றுகிறவர்களும் ஒரு பழுதை மூன்றாக்கிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். நானும் தொடக்கத்தில் அந்தக் கூட்டம்தான்.

யாழ்ப்பாணத்தில் கடைக் கண்ணாடிக்குப் பின்னாலும் கலியாண மண்டபத்திலும் திருவிழாக்கால மேடைகளிலும் இந்தத் திரைகளைப் பூட்டிக் கழற்றுகிற பெடியளுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பிலிருந்து ஒரு சாமான் வர ஓர் இரவாவது ஆகும். அதனால் எது உண்மையில் பழுது, எது பழுது போலத் தெரிவது என்று பிரித்தறிவது எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தேவை.

சாமானை ஒருமுறை மனதுக்குள் பிரித்துப் பாருங்கள். சாதாரண எல்இடி திரைக்கு முதுகு முழுவதும் பலகை. இதில் பலகைக்குப் பதிலாக மெல்லிய பட்டிகள், பட்டிக்கும் பட்டிக்கும் நடுவில் வெளி. அந்த வெளியால்தான் மறுபக்கம் தெரிகிறது. பாரமும் அதனால்தான் குறைவு, சதுர மீற்றருக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 கிலோ. நான் அதிகம் கையாள்வது 3.91–7.82 வகை. குறுக்கே 3.9 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி, நெடுக்கே 7.8 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி. ஒரு மீற்றர் அகலமும் அரை மீற்றர் உயரமும் உள்ள பெட்டியில் 256க்கு 64 புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் 230 வோல்ற்றை 5 வோல்ற் அளவுக்கு இறக்கும் பவர் சப்ளை, படத்தை வாங்கும் ரிசீவிங் கார்ட், அதைப் பட்டிகளுக்குப் பங்கிடும் ஹப் பலகை. வெளியே, மடிகணினியின் படத்தை வாங்கித் திரைக்கு அனுப்பும் ஒரு புரொசெசர். அதிலிருந்து லான் வயர் முதல் பெட்டிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, பூமாலை கோத்த மாதிரி.

“அண்ணை, ஸ்கிரீன் முழுக்க இருட்டு”

முழுதும் இருண்டால் திரையைத் தொடவே வேண்டாம். இருபது பெட்டி ஒரே நிமிடத்தில் சேர்ந்து சாகாது. பின்பக்கம் போய் ரிசீவிங் கார்டில் சிவப்பு லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் கரண்ட் வரவில்லை, மின்பெட்டிக்குப் போங்கள். எரிந்தால் கரண்ட் இருக்கிறது, படம்தான் வரவில்லை.

நோவாஸ்டார் என்ற நிறுவனத்தின் கார்டுகளில் பக்கத்திலுள்ள பச்சை லைட் மேலும் சொல்லும். செக்கனுக்கு ஒரு தடவை மினுங்கினால் எல்லாம் சரி. மூன்று செக்கனுக்கு ஒரு தடவை என்றால் லான் வயரில் பிழை. மூன்று மூன்றாகப் படபடவென்று மினுங்கினால் வயர் சரி, புரொசெசருக்குள் படம் நுழையவில்லை. அப்படியென்றால் மடிகணினி தூங்கிவிட்டதா, எச்டிஎம்ஐ வயர் கழன்றதா, புரொசெசரில் வேறு இன்புட் தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். புரொசெசரில் திரையைக் கறுப்பாக்கும் பட்டன் ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். ஓர் இரவு யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போய், அந்தப் பட்டனை ஒருமுறை அமத்திவிட்டுத் திரும்பி வந்தேன். யாரோ ஒருவர் தேத்தண்ணீர்க் கோப்பையை அதன்மேல் வைத்திருந்தார்.

“சுவிட்சைப் போட்ட உடனே ட்ரிப் அடிக்குது”

எது விழுந்தது என்று முதலில் பாருங்கள். மின்பெட்டியில் இரண்டு விதம் இருக்கிறது, இரண்டையும் ஆட்கள் ட்ரிப் என்றே சொல்வார்கள். ஒன்று அந்த லைனுக்கு மட்டுமான சின்ன பிரேக்கர். மற்றது டெஸ்ட் பட்டன் வைத்த, எல்லா லைனுக்கும் பொதுவான ட்ரிப் சுவிட்ச். இரண்டும் விழுவதற்குக் காரணங்கள் வேறு வேறு.

சின்ன பிரேக்கர் போட்ட கணத்திலேயே விழுந்தால், பெரும்பாலும் தொடக்க இழுவைதான். பவர் சப்ளைக்குள் உள்ள கப்பாசிற்றர்கள் வெறுமையாகக் கிடந்து ஒரே மூச்சில் நிரம்பும்போது, கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒவ்வொன்றும் பல பத்து அம்பியரை இழுக்கும். இருபதையும் ஒரே சுவிட்சில் போட்டால் பிரேக்கர் தாங்காது. வரிசை வரிசையாக, இரண்டு செக்கன் இடைவெளி விட்டுப் போடுங்கள். நேரந்தாழ்த்திப் போடும் விநியோகப் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. பி வகை பிரேக்கர் இருந்தால், தொடக்க இழுவையைக் கூடுதலாகத் தாங்கும் சி வகைக்கு மாற்றலாம், வயரின் தடிப்பு அதே அம்பியருக்குப் போதும் என்று எலக்ட்ரீசியன் சொன்னால்.

போட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, வெள்ளைப் படம் வந்ததும் விழுந்தால் அது உண்மையான பாரம். கணக்குப் பாருங்கள். பெட்டியின் லேபலில் சதுர மீற்றருக்கு உச்சம் 800 வாற் என்று போட்டிருந்தால், 12 சதுர மீற்றருக்கு 9600 வாற், அதாவது 230 வோல்ற்றில் ஏறக்குறைய 42 அம்பியர். வீட்டு சிங்கிள் பேஸ் இணைப்பு பெரும்பாலும் 30 அம்பியர்தான். வீட்டுக் கலியாணத்துக்கு வாடகைக்குக் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கை முற்பணம் வாங்க முன்னரே போட வேண்டும்.

டெஸ்ட் பட்டன் வைத்தது விழுந்தால் கதை வேறு. ஒவ்வொரு பவர் சப்ளையிலும் மின்னிரைச்சலை வடிகட்டும் சின்னக் கப்பாசிற்றர்கள் ஏர்த்துக்கு இணைந்திருக்கும். அதனூடாக ஒரு மில்லி அம்பியருக்கும் குறைவான கசிவு எப்போதும் உண்டு. இது பழுது இல்லை, அதன் சுபாவம். ஆனால் முப்பது சப்ளை சேர்ந்தால் சொட்டுச் சொட்டாய் வாளி நிரம்பும். 30 மில்லி அம்பியர் என்று எழுதிய ட்ரிப் சுவிட்ச் 15ஐத் தாண்டியதிலிருந்து எந்த அளவிலும் விழலாம்; அதைச் செய்யும் தரவிதியே அப்படித்தான். விடியப்புறம் பனி விழுந்த பெட்டிகளில் கசிவு இன்னும் கூடும். தீர்வு, திரையை இரண்டு மூன்று லைனாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ட்ரிப் சுவிட்ச் போடுவது.

சிலர் கண்டுபிடித்த குறுக்குவழி ஏர்த் வயரை வெட்டிவிடுவது. ட்ரிப் விழாது, உண்மைதான். அப்புறம் அந்தக் கசிவு முழுவதும் அலுமினியச் சட்டத்தில் நிற்கும். சட்டத்துக்கும் நிலத்துக்கும் இடையில் அளந்தால் 100 வோல்ற்றுக்கு மேல் காட்டும். ஒரு மண்டபத்தில் முன்னர் யாரோ அப்படி வெட்டிவைத்த லைனில் எங்கள் திரையைக் கொழுவினோம். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்ற பெடியன் சட்டத்தில் கைவைத்ததும் தூக்கி எறியப்பட்டான். தோள்மூட்டு வலியோடு போனது அவனுடைய அதிர்ஷ்டம். அன்றிலிருந்து பிளக்கைக் கழற்றி ஏர்த் வயரைக் கண்ணால் பார்க்காமல் நான் ஒரு லைனையும் போடுவதில்லை.

ஒரு குறிப்பிட்ட வரிசையைப் போடும்போது மட்டும் விழுகிறதா? அந்த வரிசையில்தான் தண்ணீர் இருக்கிறது, இல்லாவிட்டால் பல்லி இருக்கிறது. சிரிக்க வேண்டாம். சூட்டுக்காகப் பவர் சப்ளைக்குள் புகுந்து கருகிப்போன பல்லிகளை நான் பல தடவை எடுத்திருக்கிறேன்.

ஜெனரேற்றரில் ஓட்டுவதாக இருந்தால் திரையைக் கொழுவ முதல் மல்ரிமீற்றரை வையுங்கள். ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 220 முதல் 240 வரை இருக்க வேண்டும். ஒன்றில் 180, இன்னொன்றில் 290 என்று காட்டினால் நியூட்ரல் எங்கோ கழன்றிருக்கிறது. அப்படியே கொழுவினால் ஒரு பேஸிலுள்ள சப்ளைகள் எல்லாம் வரிசையாக வெடிக்கும். நியூட்ரல் வயரை மெல்லியதாகப் போடவும் கூடாது. இந்த வகைப் பவர் சப்ளைகளால் திரீ பேஸிலும் நியூட்ரல் சூடேறும். சில சப்ளைகளின் பக்கத்தில் 115/230 என்று ஒரு சின்னத் தள்ளுசுவிட்ச் இருக்கும். புதிதாக மாற்றிய சப்ளை போட்ட உடனே புகைந்தால், அது 115இல் நின்றிருக்கிறது.

“ஒரு பெட்டியிலயிருந்து அங்கால எல்லாம் இருட்டு”

கடைசியாக எரியும் பெட்டிக்கும் முதலாவதாக இருண்ட பெட்டிக்கும் நடுவில் உள்ள வயரை மாற்றுங்கள். பத்தில் எட்டுத் தடவை அதுதான். சட்டைப் பையில் இல்லாவிட்டாலும் கருவிப் பையில் இரண்டு மீற்றர் நல்ல லான் வயர் ஒன்று எப்போதும் இருக்கட்டும். அதை வேறு எதற்கும் பாவிக்காதீர்கள்.

வயரை மாற்றியும் வரவில்லை என்றால், இருண்ட முதல் பெட்டியைத் தாண்டி அடுத்த பெட்டிக்கு நேரே வயரைக் கொடுத்துப் பாருங்கள். மற்றவை எரிந்தால் பழுது அந்த ஒரு பெட்டியின் கார்டில் அல்லது சப்ளையில். நிகழ்ச்சி நேரமென்றால் அப்படியே ஓட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம்.

முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு வயரைத் திருப்பிப் புரொசெசரின் இரண்டாவது போர்ட்டுக்குக் கொண்டுவந்து, மென்பொருளில் மாற்றுவழி என்று அமைத்துவிட்டால், நடுவில் ஒரு வயர் அறுந்தாலும் பார்வையாளருக்குத் தெரியாது. ஒரு வயரின் விலையில் இவ்வளவு நிம்மதி வேறெதிலும் கிடைக்காது.

நேற்று வரை சரி, இன்றைக்குப் பெட்டிகளைக் கூட்டியதும் கடைசி இரண்டு மட்டும் கறுப்பு என்றால், போர்ட்டின் கொள்ளளவைத் தாண்டிவிட்டீர்கள். ஒரு லான் போர்ட் 60 ஹேர்ட்ஸில் ஏறக்குறைய 6,50,000 புள்ளிகளைத்தான் சுமக்கும். 3.91–7.82 திரைக்கு அது 19 சதுர மீற்றருக்குச் சற்று மேல். மிச்சத்தை அடுத்த போர்ட்டுக்குக் கொடுங்கள்.

வயரின் நீளம் செப்பு என்றால் 100 மீற்றர்வரை. மேடை ஒரு பக்கமும் கட்டுப்பாட்டு மேசை மைதானத்தின் மறு பக்கமும் இருந்தால் ஃபைபர்தான் சரி. மலிவாகக் கிடைக்கும் சில வயர்களின் உள்ளே அலுமினியக் கம்பி, மேலே மட்டும் செப்புப் பூச்சு. கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதைத் திரைக்குக் கொடுக்காதீர்கள்.

படம் இருக்கிறது, ஆனால் தலை கீழ்ப்பெட்டியிலும் கால் மேற்பெட்டியிலும் தெரிகிறது என்றால் யாரோ வயரை வேறு ஒழுங்கில் கோத்திருக்கிறார்கள். பழைய ஒழுங்குக்கு மாற்றுங்கள். அமைப்புக் கோப்பின் பிரதி ஒன்று பென்டிரைவில் இல்லாமல் மென்பொருளில் கைவைக்காதீர்கள்.

“காத்தடிக்கேக்க மட்டும் மினுங்குது”

நல்லூர்த் திருவிழாக் காலம் சோளகக் காற்று அடிக்கும் காலமும்தான். இருபத்தைந்து நாளும் அந்தப் பக்கத்தில் எங்காவது திரை நிற்கும். காற்று ஊடாகப் போய்விடும், அதனால் இந்தத் திரைக்குக் காற்றுப் பயம் இல்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதிதான் உண்மை. பட்டிகள் காற்றைத் தடுக்கவே செய்யும், பாரமில்லாத சட்டம் அதிகமாகவே ஆடும். ஆட ஆட லான் வயரின் பிளாஸ்டிக் முனை மயிரிழை அளவு நகரும். அதுதான் மினுக்கம்.

ஒருவர் திரையைப் பார்க்க, மற்றவர் பின்னால் நின்று ஒவ்வொரு முனையாக மெல்ல ஆட்டுங்கள். எதைத் தொடும்போது மினுங்குகிறதோ அதை வெட்டிப் புது முனை போடுங்கள். வயர் தன் பாரத்திலேயே தொங்கி முனையை இழுக்காதபடி சட்டத்தில் ஒரு கட்டு. கீழ்ச் சட்டத்தையும் நிலத்தோடு பெல்ட் போட்டு இழுத்துக் கட்டுங்கள். மேலே மட்டும் கொழுவிவிட்ட திரை ஊஞ்சல்தான். பாரமில்லைத்தானே என்று ஜிப்சம் சீலிங்கில் கொழுவச் சொல்லும் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லப் பழகுங்கள். 12 சதுர மீற்றர் என்றால் 150 கிலோ தலைக்கு மேலே நிற்கிறது.

“வெள்ளை றோஸாத் தெரியுது”

புரொசெசரில் சோதனை வண்ணங்கள் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியே போடுங்கள். மூன்றும் தனியே நன்றாக இருந்து, வெள்ளை போடும்போது மட்டும் ஒரு மூலை றோஸ் நிறமாகவோ மஞ்சளாகவோ இறங்கினால் பட்டியில் பழுதில்லை, வோல்ற்றளவு போதவில்லை. சிவப்பு விளக்குக்கு 2 வோல்ற் கிட்ட இருந்தால் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 கிட்ட வேண்டும். வெள்ளையில் மூன்றும் சேர்ந்து இழுக்க, வோல்ற்றளவு சரிய, நீலமும் பச்சையும் முதலில் மங்கும், சிவப்பு மட்டும் தெம்பாக நிற்கும்.

வெள்ளையை எரியவிட்டபடியே பட்டியின் தூர முனையில் அளந்து பாருங்கள். 5 வோல்ற் திரையில் அங்கே 4.5க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். முதலில் சப்ளையின் வாயில். அங்கே 5 இருந்து தூரத்தில் இல்லை என்றால் நடுவிலுள்ள ஸ்குரூ தளர்ந்திருக்கிறது அல்லது களிம்பு பிடித்திருக்கிறது. கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் சுடும். சப்ளையின் வாயிலேயே குறைவு என்றால் சப்ளை களைத்துவிட்டது. அதிலுள்ள சின்னத் திருகியைத் திருப்பி வோல்ற்றளவைக் கூட்டிச் சமாளிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கிட்ட உள்ள பட்டிகளுக்கு அளவுக்கு மேல் போய் அவை எரிந்துபோகும். செய்யாதீர்கள்.

“ரெண்டு மணித்தியாலம் ஓடுது, பிறகு நிக்குது”

சூடு. கண்ணாடிக்கும் திரைக்கும் மேலே முகப்புப் பலகைக்கும் நடுவில் அடைத்துவைத்த பவர் சப்ளை, மேற்குப் பார்த்த கடையில் பின்னேர வெயிலில் அடுப்புக்குள் இருப்பது போலத்தான். பெரும்பாலான சப்ளைகள் 50 பாகைக்கு மேல் முழுப் பாரத்தைத் தாங்காது, ஒரு கட்டத்தில் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், ஆறியதும் திரும்ப வரும். முகப்பின் மேலும் கீழும் காற்றுவழி வெட்டுங்கள். ஏசி இருக்கிறதே என்று கடைக்காரர் சொல்வார். ஏசிக் காற்று அந்த இடுக்குக்குள் போவதில்லை.

“ஒரு பட்டி மட்டும், ஒரு கோடு மட்டும்”

மாற்றிப் பார்ப்பதுதான் வழி. கரண்டை நிறுத்திவிட்டு, பழுதான பட்டியையும் பக்கத்து நல்ல பட்டியையும் இடம் மாற்றுங்கள். பழுது பட்டியோடு சேர்ந்து நகர்ந்தால் பட்டி பிழை. அதே இடத்தில் நின்றால் ஹப் பலகை அல்லது கார்ட். ஐந்து நிமிட வேலை, மடிகணினி தேவையில்லை.

கறுப்புப் படத்திலும் ஒரு வரி மங்கலாக எரிந்துகொண்டே நின்றால், அந்த வரியில் ஒரு விளக்கு கசிகிறது. வரிகளை மாறி மாறி எரியவிடும் ஸ்கேன் முறையில் ஓடும் பட்டிகளில் ஒரு விளக்கின் கசிவு வரி முழுவதையும் எரியவைக்கும். அதை மாற்றினால் மற்றவை அடங்கும். ஒற்றை விளக்கு மாற்றுவதற்குச் சூட்டுக்காற்று இயந்திரமும் நிதானமான கையும் வேண்டும். உறை பிரித்து நாட்பட்ட விளக்குகளை ஈரம் போகச் சூடாக்காமல் ஒட்டினால் ஒரு வாரத்தில் திரும்பவும் அதே வேலை.

புதுப் பட்டி போட்டதும் அது மட்டும் பளிச்சென்று வேறு நிறமாகத் தெரியும். பழைய விளக்குகள் ஒளி குறைந்திருக்கும், தயாரிப்புத் தொகுதியும் வேறு. அதனால்தான் திரை வாங்கும்போதே அதே தொகுதியில் உதிரிப் பட்டிகளை வாங்கி வைக்கச் சொல்வது. உதிரி இல்லாவிட்டால் மூலையிலுள்ள பழைய பட்டியைக் கழற்றி நடுவில் போட்டு, புதியதை மூலைக்கு அனுப்புங்கள். கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம் வகைத் திரைக்கு இந்த வசதி கிடையாது. அதில் ஒரு பகுதி போனால் அந்த முழுத் தாளையும் உரிக்க வேண்டியதுதான்.

“மாப்பிள்ளை பனை மாதிரி நெட்டையாத் தெரியுறார்”

நெடுக்கே புள்ளி இடைவெளி இரட்டிப்பு என்பதை மறந்து காணொளி செய்திருக்கிறார்கள். நான்கு மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் உயரமும் உள்ள திரையில் புள்ளிகள் 1024க்கு 384. சாதாரணக் காணொளியைப் புள்ளிக்குப் புள்ளியாகப் போட்டால் உயரம் இரு மடங்காகும். 1024க்கு 768 ஆகச் செய்து, உயரத்தை மட்டும் பாதியாக்கி 384 ஆக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கணினியில் சப்பையாகத் தெரியும், திரையில் நேராகும்.

“எழுத்து சிதறிக் கிடக்கு”

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் திரையோடு வரும் வழிகாட்டிக் கையேடுகளில் தமிழ் பற்றி ஒன்றும் இருக்காது.

முதல் வகை: திரையில் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளும். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த வாழ்த்தை அப்படியே பிரதி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பாமினியில் புள்ளி என்பது அரைப்புள்ளி விசைதான். எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளிருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். யுனிகோட்டுக்கு மாற்றுங்கள்.

இரண்டாம் வகை: எழுத்து தமிழ்தான், ஆனால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கிறது, அல்லது நடுவில் புள்ளி வட்டம் தெரிகிறது. யுனிகோட் சரி, திரையை ஓட்டும் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. அதோடு மல்லுக்கட்டாதீர்கள். வேறொரு மென்பொருளில் எழுத்தைப் படமாக்கி, படத்தைத் திரைக்குக் கொடுங்கள். நான் இப்போதெல்லாம் எந்தத் தமிழ் வரியையும் எழுத்தாகக் கொடுப்பதே இல்லை.

மூன்றாவதுதான் தொல்லை பிடித்தது. கணினியில் எல்லாம் சரி, திரையில் புள்ளிகளைக் காணோம்; ‘வாழ்த்துக்கள்’ என்பது ‘வாழததுககள’ என்று நிற்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்தைப் பத்துப் பன்னிரண்டு வரிசைக்குள் காட்டிவிடலாம். தமிழில் ஒரே எழுத்துக்குள் மேலே புள்ளியோ விசிறியோ, நடுவில் சுழி, கீழே உகரத்தின் வால் எல்லாம் வர வேண்டும். இந்தத் திரையில் நெடுக்கேதான் புள்ளிகள் குறைவு. ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழி அடைத்து ஒரு கட்டியாகத் தெரியும். என் கைக்கணக்கில் ஓர் எழுத்துக்கு 32 வரிசையாவது வேண்டும், அதாவது 25 சென்ரிமீற்றர் உயரம். எழுத்துரு தடித்ததாகவும், சுழிகள் அகன்றதாகவும், புள்ளி பெரியதாகவும் இருக்க வேண்டும். அலங்கார எழுத்து அழைப்பிதழுக்குத்தான் வடிவு. பார்ப்பவர் எட்டு மீற்றராவது தள்ளி நிற்கும் இடமாகவும் இருக்க வேண்டும். கடை வாசலில் இரண்டு மீற்றரில் நின்று விலைப்பட்டியல் வாசிக்க இந்தத் திரை சரிவராது. அதற்கு ஒரு ரிவியைப் பூட்டிவிடுங்கள்.

“வீடியோவில கறுப்புக் கோடு ஓடுது”

கண்ணுக்கு நன்றாகத் தெரிந்து கமராவில் மட்டும் கோடு வந்தால், திரை செக்கனுக்குப் பல தடவை எரிந்து அணைவதும் கமராவின் ஷட்டரும் ஒத்துப்போகவில்லை. கலியாண வீடியோக்காரரிடம் ஷட்டரை ஐம்பதில் ஒன்றாகவோ நூற்றில் ஒன்றாகவோ வைக்கச் சொல்லுங்கள். அவர் 25 ஃபிரேமில் எடுத்தால் மடிகணினியின் வெளியீட்டையும் 50 ஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். திரையின் புதுப்பிப்பு வேகம் 1920 ஹேர்ட்ஸா 3840 ஹேர்ட்ஸா என்பது வாங்கும்போதே முடிவான விஷயம். மென்பொருளில் அதைக் கூட்டினால் வேறிடத்தில் குறையும்; மென்மையான நிறமாற்றங்கள் படிப்படியாக உடைந்து தெரியும். பகல் வெளிச்சத்தில் கைபேசிக்காரர் எடுக்கும் படத்தில் கோடு வரத்தான் செய்யும். அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

“பகலில ஒண்டும் தெரியேல்லை”

இந்தத் திரையில் கறுப்பு என்றால் அணைந்த விளக்கு, அதாவது ஓட்டை. பின்னால் என்ன இருக்கிறதோ அதுதான் கறுப்பு. பின்னால் வெயில் படும் வெள்ளைச் சுவர் இருந்தால் உங்கள் கறுப்பு வெள்ளையாகிவிடும். பிரகாசத்தை முழுதாகக் கூட்டியும் பயனில்லை என்றால் பின்புறத்தை இருட்டாக்குங்கள். ஒரு கருநீலத் திரைச்சீலை போதும். கண்ணாடியில் நிறத்தாள் ஒட்டியிருந்தால் அது உங்கள் ஒளியிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். திரை இருக்கும் அளவுக்காவது அதை உரித்துவிடுங்கள்.

கறுத்தக் கோட் போட்ட மாப்பிள்ளையை நேரலையாக இந்தத் திரையில் காட்டினால் தலையும் இரண்டு கையும் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். ஒரு வரவேற்பில் இதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் அலறின. நேரலைக்குச் சாதாரணத் திரையை வையுங்கள். இதில் நகை, பூ, பெயர், தீபம் என்று கறுப்புப் பின்னணியில் ஒளிரும் பொருட்களைக் காட்டுங்கள்.

கல்லாவில் இருப்பவர் கண்ணாடியில் இடம் வலம் மாறிய நிழல் ஆடுகிறது என்று குறை சொன்னால், திரைக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி கூடிவிட்டது. ஒரு சாண் அளவுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒட்டியே வைத்தால் சூடு போகாது.

“மழைக்குப் பிறகு எடுத்தால் அங்கங்க எரியேல்லை”

தீபகற்பத்தில் எங்கே நின்றாலும் கடலோ களப்போ தூரமில்லை. உப்பு ஈரம் கனெக்டரின் செப்பில் பச்சைக் களிம்பாக வந்து உட்காரும். நயினாதீவு, காரைநகர்ப் பக்கம் ஒரு நிகழ்ச்சிக்குக் கொண்டுபோய் வந்தால் அடுத்த நாளே முனைகளைத் திறந்து பார்க்கிறேன். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் தோய்த்த மென்மையான தூரிகையால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் பூட்டுங்கள். மண்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சுப் போய் அடுத்த முறை இன்னும் கெதியாகக் களிம்பு வரும். உள்ளரங்க வகைத் திரைகளுக்கு நீர்க்காப்பு இல்லை. மழை இல்லாவிட்டாலும் முற்றவெளியில் ஒரு இரவு பனி போதும். நிகழ்ச்சி முடிந்ததும் சூடு ஆறவிட்டு மூடுங்கள். சூட்டோடு பிளாஸ்டிக் சுற்றினால் உள்ளேயே வியர்க்கும்.

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெட்டிக்குள் கிடந்த திரையைத் தை மாதத்து முதல் நிகழ்ச்சிக்கு நேரே முழு வெளிச்சத்தில் போடாதீர்கள். விளக்கின் உறைக்குள் ஈரம் ஊறியிருக்கும். திடீரென்று சூடேறினால் அது ஆவியாகி உறையைப் பிளக்கும், உள்ளே உள்ள மெல்லிய கம்பி அறும். இரண்டு நாள் முன்னரே வீட்டில் நிறுத்தி, வெள்ளைப் படத்தில் 20 சதவீதத்தில் இரண்டு மணித்தியாலம், 40இல் இரண்டு மணித்தியாலம், பிறகு 60, 80 என்று ஏற்றுங்கள். ஓடாத காலத்திலும் வாரம் ஒருமுறை இப்படி எரியவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகும். முதல் மணித்தியாலத்தில் எரியாமல் நிற்கும் சில விளக்குகள் மூன்றாம் மணித்தியாலத்தில் தானாக எரியும். அதுவரை ஒரு பட்டியையும் கழற்றாதீர்கள். அதற்குப் பிறகும் எரியாதவற்றை வட்டம் போட்டுப் படம் எடுத்து வையுங்கள், உதிரிப் பட்டி எத்தனை வேண்டும் என்று கொழும்புக்குச் சொல்ல அதுதான் கணக்கு.